குறைந்தது முன்னரா, பின்னரா?

2020-ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றின் முதல் அலையின்போது, உத்தரப் பிரதேச மருத்துவர்கள் சிலர் 154 நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தனர். அவர்களுள் 91 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தும் அறிகுறி ஏதும் தோன்றவில்லை. எஞ்சிய 63 பேர் நோய் முற்றித் தீவிர மருத்துவப் பிரிவில் இருந்தனர். எல்லோரும் 30 முதல் 60 அகவைக்கு உட்பட்டவர்கள். முதற்குழுவினரின் குருதித் தெளிநீரில் மில்லிலிட்டருக்குச் சராசரியாக 27.89 நானோகிராம் உயிர்ச்சத்து டி இருந்தது. இரண்டாம் குழுவினரிடம் 14.35 மட்டுமே. 20-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று கொண்டால், அறிகுறியற்றோருள் மூவரில் ஒருவரே அவ்வகையினர். தீவிரப் பிரிவிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். அழற்சியின் அடையாளங்களும் அதே பக்கம் சாய்ந்தன. பற்றாக்குறை உடையோரிடம் இன்டர்லூகின்-6 என்னும் அழற்சிப் புரதம் சராசரி 19.34 பிக்கோகிராம், மற்றோரிடம் 12.18. ஃபெரிட்டின் 319-க்கு எதிரே 187. இறப்பு 21 விழுக்காட்டுக்கு எதிரே 3.1.

இவ்வெண்களைப் பார்ப்பவர் உள்ளத்தில் ஒரு முடிவு தானே வந்து அமர்ந்துவிடும்: உயிர்ச்சத்து டி குறைந்தது, அதனால் அழற்சி கட்டவிழ்ந்தது, அதனால் உயிர் போனது, ஆகவே அதை ஊட்டினால் உயிர் பிழைக்கும். அந்த ஆண்டில் உலகெங்கும் இதே வடிவில் பல ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் மேற்சொன்ன கணக்கை மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். தீவிரப் பிரிவில் இருந்தோர் ஏறத்தாழ அனைவருமே பற்றாக்குறையினர். எனவே 'பற்றாக்குறையுள்ளோர் எதிர் மற்றோர்' என்று பிரிக்கும்போது, பெருமளவுக்கு 'சாகும் நிலையில் உள்ளோர் எதிர் நலமாய் இருப்போர்' என்றே பிரிக்கிறோம். சாகும் நிலையில் உள்ளவரிடம் இன்டர்லூகின் மிகுந்திருப்பதில் வியப்பென்ன? குருதி எடுக்கப்பட்டதும் நோய் முற்றிய பின்னர்தான். நோய்க்கு முந்திய மாதத்தில் அவர்தம் குருதியில் அந்த எண் எவ்வளவு என்பதற்குச் சான்றில்லை. குறைவு முன்னே வந்ததா, நோயின் பின்னே வந்ததா என்ற வினா அங்கேயே நிற்கிறது.

இவ்வினாவை எழுப்புவதால் உயிர்ச்சத்து டி-க்கும் அழற்சிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதாகாது. ஆய்வகத்தில் அத்தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

கதிரவன் ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் தோலில் படும்போது, அங்குள்ள கொழுப்புச் சேர்மம் ஒன்று உயிர்ச்சத்து டி-யாக உருமாறுகிறது. கல்லீரல் அதில் ஓர் ஐதராக்சில் தொகுதியைச் சேர்த்துச் சேமிப்பு வடிவம் ஆக்குகிறது. மருத்துவமனை ஆய்வகம் அளந்து தருவது இந்தச் சேமிப்பையே. இது குருதியில் இரண்டு, மூன்று கிழமை தங்கும். சிறுநீரகம் இன்னோர் ஐதராக்சிலைச் சேர்த்த பின்னரே செயல்வடிவமான கால்சிட்ரியால் பிறக்கிறது. அதன் வாழ்நாள் சில மணி நேரமே. பிறந்த பின் அது ஓர் இயக்குநீர் போல உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, தனக்குரிய ஏற்பியோடு இணைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தூண்டவோ அடக்கவோ செய்கிறது. உயிர்ச்சத்து என்ற பெயர் இதற்கு வந்தது வரலாற்றின் தற்செயல். என்புருக்கி (ரிக்கெட்ஸ்) என்னும் குழந்தை நோயை மீனெண்ணெய் தீர்த்ததைக் கண்ட மெக்கலம், 1922-இல், முன்பு கண்டறியப்பட்ட ஏ, பி, சி ஆகியவற்றை அடுத்து வந்த எழுத்தை இதற்குச் சூட்டினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, பெர்லினில் ஊல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர் புறஊதா விளக்கொளியை மட்டும் கொண்டு அதே நோயைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். உணவால் தீர்ந்த நோய் ஒளியாலும் தீர்ந்தது எப்படி என்ற புதிர் அவிழச் சில ஆண்டுகள் பிடித்தன.

நெடுங்காலம் எலும்பும் சுண்ணமுமே இதன் ஆட்சிப்பரப்பு என்று கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வுகளுள் தலையாயது 2006-இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வந்தது. ராபர்ட் மாட்லின் குழுவினர், பெருவிழுங்கணுக்கள் காசநோய்க் கிருமியின் கூறுகளை உணர்ந்ததும் இரண்டு செயல்களை ஒருங்கே செய்வதைக் கண்டனர். உயிர்ச்சத்து டி-யின் ஏற்பியைப் பெருக்குகின்றன. சேமிப்பு வடிவத்தைச் செயல்வடிவமாக்கும் நொதியையும் பெருக்குகின்றன. சிறுநீரகத்தை எதிர்பார்க்காமல் அணு தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது. விளைவாகக் கேத்தலிசிடின் என்னும் கொல்லிப் புரதம் சுரந்து, கிருமி மடிகிறது. உயிர்ச்சத்து டி குறைந்தோரின் குருதித் தெளிநீரில் அந்த அணுக்களை வளர்த்தால் அந்தப் புரதம் சரியாகச் சுரக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் பகுதி.

கொல்வது ஒரு பணி. சினத்தை அடக்குவது மற்றொன்று. நம் பொருளுக்கு இரண்டாவதே நெருக்கமானது. மூச்சுறுப்பு நச்சுயிரிகளில் பல, தாம் செய்யும் கேட்டைவிட உடலின் எதிர்வினையால் விளையும் கேட்டாலேயே உயிரைக் குடிக்கின்றன. நச்சுயிரியைக் கண்ட வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் தூதுப் புரதங்களை ஏவுகின்றன. குருதி நுண்குழல்கள் கசிகின்றன. காற்றுக்குரிய நுரையீரல் அறைகளில் நீர் நிறைகிறது. 2010-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தார், குழந்தைகளைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் நச்சுயிரியை மூச்சுக்குழல் அணுக்களில் செலுத்திப் பார்த்தனர். உயிர்ச்சத்து டி இருந்த அணுக்களில், அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்னும் விசையைப் பூட்டிவைக்கும் புரதம் மிகுந்தது. அழற்சித் தூதுகள் குறைந்தன. ஆயினும் நச்சுயிரி கூடுதலாகப் பெருகிவிடவில்லை. அழற்சியை அடக்கும் பொருள்கள் பொதுவாகக் காப்பையும் சேர்த்தே அடக்கும் என்பதை அறிந்தவர்க்கு, இது எவ்வளவு அரிய பண்பு என்பது விளங்கும். 2012-இல் டென்வரில் நடந்த ஆய்வு, மனித வெள்ளணுக்களில் இன்டர்லூகின்-6 சுரப்பதை உயிர்ச்சத்து டி தணிக்கும் மூலக்கூற்று வழியைத் தெளிவாக்கியது. ஆக, ஆய்வகக் குடுவைக்குள் கதை முழுமையானது, அழகானதும்கூட. பெருந்தொற்றின்போது மருத்துவர்கள் இதன்பால் நம்பிக்கையோடு திரும்பியதில் பிழை காண்பதற்கில்லை.

இனி மறுபக்கம். இதைப் பொதுமக்களுக்கான எழுத்துகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு வந்த 33 பேரின் குருதியை அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை 2011-இல் வெளியிட்டனர். இவர்களுக்குத் தொற்று இல்லை. இரண்டு நாளில் வெயில் குறைந்து உயிர்ச்சத்து டி சரிய வழியுமில்லை. சேமிப்பு வடிவம் இரண்டு, மூன்று கிழமை தங்குவது என்று மேலே கண்டோம். நடந்தது ஒன்றே: கத்தி பட்டது, உடல் அழற்சியுற்றது. அழற்சியின் அளவுகோலான சி-எதிர்வினைப் புரதம் செங்குத்தாக ஏறியது. இரண்டாம் நாளில் உயிர்ச்சத்து டி-யின் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு விழுந்திருந்தது. மூன்று மாதம் கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதன் உட்பொறி ஓரளவு விளங்கக்கூடியதே. உயிர்ச்சத்து டி குருதியில் தனியே நீந்துவதில்லை. அதற்கென்றே உள்ள சுமைப்புரதம் ஒன்றும் அல்புமினும் அதைச் சுமக்கின்றன. கட்டற்றுத் திரிவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அழற்சியில் நுண்குழல்கள் கசிந்து சுமைப்புரதங்கள் திசுக்களுக்குள் ஒழுகும். சிரைவழி ஏற்றும் நீர்மங்கள் எஞ்சியதை நீர்க்கச் செய்யும். கல்லீரலும் தன் உற்பத்தியை வேறு பக்கம் திருப்பிவிடும். சுமப்போர் குறையச் சுமையும் குறைகிறது. தீவிரப் பிரிவில் கிடப்பவரின் குருதியில் காணும் 14 என்ற எண், அவர் நலமாயிருந்த நாளில் 20-க்கு மேல் இருந்திருக்க முழு வாய்ப்புண்டு. உத்தரப் பிரதேசக் கணக்கின் இடைவெளியில் எத்தனை பங்கு நோய்க்குக் காரணம், எத்தனை பங்கு நோயின் விளைவு என்று பிரித்தறிய அந்த ஆய்வின் அமைப்பே இடந்தரவில்லை. இதில் அந்த மருத்துவர்களைக் குறைகூற ஏதுமில்லை. பெருந்தொற்றின் நடுவே கையில் கிடைத்த குருதியைத்தான் அவர்கள் அளக்க முடியும்.

காரணமா, விளைவா என்று அறிய ஒரு நேர்வழி உண்டு: குறைந்ததை ஏற்றிப் பார்ப்பது. காரணமாயின் நோய் தணியும். விளைவாயின் எண் மட்டும் ஏறும்.

முதலில் வந்த செய்தி நம்பிக்கையூட்டியது. ஸ்பெயினின் கோர்டோபாவில் 76 நோயாளிகளைப் பிரித்து, 50 பேருக்குச் சேமிப்பு வடிவத்தையே நேராகக் கொடுத்தனர். தீவிரப் பிரிவுக்குப் போனவர் ஒருவர் மட்டுமே. கொடுக்கப்படாத 26 பேரில் 13 பேர் போயினர். மலைக்க வைக்கும் வேறுபாடு. மலைக்க வைப்பதனாலேயே ஐயத்துக்கும் உரியது. மருத்துவ வரலாற்றில் இத்தனை பெரிய பயனைத் தரும் மருந்து மிக அரிது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது மருத்துவர் அறியாதபடி மறைக்கப்படவும் இல்லை. சண்டிகரில் அறிகுறி குறைந்த 40 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், 16 பேருக்கு நாள்தோறும் 60,000 அலகு வீதம் ஏழு நாள் கொடுத்தனர். அவர்களுள் 10 பேருக்கு 21 நாளுக்குள் நச்சுயிரி மறைந்தது. மற்ற 24 பேரில் 5 பேருக்கே மறைந்தது. ஆனால் அழற்சி அடையாளங்களுள் ஃபைப்ரினோஜன் ஒன்றே குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஐதராபாத்தில் 87 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு பல அடையாளங்கள் குறைந்ததாகக் கூறியது. எல்லாமே சிறு கூட்டங்கள்.

சாவோ பாவுலோவில் நடந்த ஆய்வே தக்க அளவுடையது, முறையிலும் வலுவானது. மருத்துவமனையில் சேர்ந்த 237 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு 2,00,000 அலகு உயிர்ச்சத்து டி ஒரே வேளையில். மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்து. யார் எதை உண்டார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்துண்டோரின் குருதியில் எண் இருமடங்குக்கு மேல் ஏறி 44-ஐத் தொட்டது. பற்றாக்குறை, எண்ணளவில், பெரும்பாலும் நீங்கியது. மருத்துவமனையில் தங்கிய நாள்களின் நடுவெண் இரு குழுவிலும் 7. இறப்பிலும் தீவிரப் பிரிவுச் சேர்க்கையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. சி-எதிர்வினைப் புரதமும் அசையவில்லை. அர்ஜென்டினாவில் 5,00,000 அலகு கொடுத்துச் செய்த ஆய்வும் இதே விடையைத் தந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. சாவோ பாவுலோ நோயாளிகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது அறிகுறி தோன்றிச் சராசரி பத்து நாள் கழித்து. வெள்ளம் வந்த பின் அணை போட்டதாகாதா? மறுப்பில் பொருளுண்டு. ஆனால் அதே கட்டத்தில் கொடுக்கப்பட்ட மற்றொரு மருந்தை நினைவிற்கொள்ள வேண்டும். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், மலிவான பழைய ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன், செயற்கை மூச்சில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அழற்சியே கொல்கிறது என்ற கருத்து அதனால் உறுதிப்பட்டது. முற்றிய கட்டத்திலும் அழற்சியைத் தணித்தால் உயிர் மீளும் என்பதும் தெரிந்தது. உயிர்ச்சத்து டி அந்த வேலையைச் செய்யவில்லை, அவ்வளவே.

கொரோனாவுக்கு முன்னரே இந்தப் பாடத்தின் ஒரு பகுதி எழுதப்பட்டிருந்தது. 1997-இல் எத்தியோப்பியாவிலிருந்து வந்த அறிக்கையின்படி, நுரையீரல் காய்ச்சலுடன் வந்த குழந்தைகளிடம் என்புருக்கி மற்றக் குழந்தைகளைவிடப் பதின்மூன்று மடங்கு மிகுந்திருந்தது. (இதில் தற்காப்பு அணுக்களுக்கு மட்டும் பங்கு என்று எண்ண வேண்டா. என்புருக்கியில் விலா எலும்புகள் மென்மையுற்று நெஞ்சுக்கூடு வலுவிழக்கும். இருமிச் சளியை வெளித்தள்ளவே குழந்தையால் முடியாது.) பின்னர், ஆப்கானிஸ்தானின் காபூலில் 3,046 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,00,000 அலகு. 2012-இல் வெளியான முடிவில், நுரையீரல் காய்ச்சல் குறையவில்லை. மீண்டும் மீண்டும் வருவது சற்றுக் கூடவும் செய்தது. ஒரே வேளையில் பேரளவு ஊட்டுவது பற்றிய ஐயம் இதிலிருந்தே வலுப்பெற்றது. அளவு திடீரென ஏறும்போது, செயல்வடிவத்தைச் சிதைக்கும் நொதியை உடல் முடுக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் நோய் வருமுன், நாள்தோறும், சிறு அளவில்? மங்கோலியாவின் குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் அளவு 7 நானோகிராமுக்கு இறங்கியிருந்தது. நாள்தோறும் 300 அலகு சேர்த்த பாலைப் பருகியோர்க்கு மூச்சுறுப்புத் தொற்று ஏறத்தாழப் பாதியானது. சப்பானில் 2008-09 குளிர்காலத்தில் நாளுக்கு 1,200 அலகு உண்ட பிள்ளைகளில் 10.8 விழுக்காட்டினருக்கு இன்ஃபுளுயன்சா ஏ வந்தது. வெற்று மருந்துண்டோரில் 18.6. வெடித்துக் கிடக்கும் வயலுக்கு நீர் பாய்ச்சினால் பயிர் எழும். நனைந்த வயலுக்குப் பாய்ச்சினால் வரப்புதான் வழியும். 2017-இல் லண்டனின் மார்ட்டினோ குழுவினர் 25 ஆய்வுகளின் தரவுகளை ஆள்வாரியாகத் திரட்டி ஆராய்ந்தபோது இதே கோலம் வெளிப்பட்டது. மிகக் கடும் பற்றாக்குறை உடையோர்க்கு, சிறு அளவில் இடைவிடாது கொடுத்தபோது பயன் பெரிது, மற்றவர்க்குச் சிறிது.

ஆனால் தரவு பெருகப் பெருக அந்தப் பயனும் தேய்ந்தது. 2021-இல் தொற்று வாய்ப்புக் குறைவு சராசரியில் எட்டு விழுக்காடு. 2025-இல், 61,000-க்கும் மேற்பட்டோரின் தரவு சேர்ந்தபோது ஆறு விழுக்காடு. தற்செயல் என்று ஒதுக்க முடியாத எல்லையை அது எட்டவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பிரிட்டனில் 6,200 பேரிடம் நடந்த ஆய்விலும், நார்வேயில் 34,000-க்கும் மேற்பட்டோரிடம் மீனெண்ணெயைச் சோதித்த ஆய்விலும் பயன் காணப்படவில்லை. இயற்கையே நடத்திய குலுக்கலும் ஒன்றுண்டு: பிறவியிலேயே உயிர்ச்சத்து டி-யைக் குறைவாக வைத்திருக்கும் மரபணு வேறுபாடுகள் சிலரிடம் உள்ளன. நோய் வந்து அவற்றை மாற்ற முடியாது. ஆதலால் முன்னரா பின்னரா என்ற குழப்பம் அங்கே எழாது. 2021-இல் அவற்றை ஆராய்ந்தோர், அத்தகையோர்க்குக் கொரோனா மிகுதியாக வரவோ முற்றவோ இல்லை என்று கண்டனர். என் நோக்கில், மற்ற எல்லாச் சான்றினும் எடை மிக்கது இதுவே.

இதற்கிடையே நம் மருந்துக்கடைகளில் 60,000 அலகுப் பொட்டலம் தாராளமாகப் புழங்குகிறது. கிழமைக்கு ஒன்று என்று மருத்துவர் எழுதியதை நாளுக்கு ஒன்றாக உண்டு, குருதியில் சுண்ணம் ஏறி, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகக் கேடுமாய் வந்து சேர்வோர் உண்டு. மறுமுனையில், காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் போதும் என்ற நம்பிக்கை. இளவெயிலில் இதமுண்டு, வேண்டிய புறஊதாக் கதிரோ மிகச் சிறிதே. திருப்பதியில் நடந்த ஆய்வு, முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் இரண்டு வரையே தோலில் இந்தச் சத்து நன்கு விளையும் பொழுது என்று காட்டியது. நாம் நிழல் தேடி ஒதுங்கும் பொழுதும் அதுவே. பற்றாக்குறை இங்கே மெய்யானது. எலும்புக்காக அதைத் தீர்க்க வேண்டியதும் மெய். ஆயினும் 2011-இல் 30 நானோகிராமை இலக்காக நிறுத்திய அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் கழகம், 2024-இல் அந்த இலக்கைக் கைவிட்டது. நலமாயிருப்போர் எல்லோரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னது.

ஆய்வகம் சொன்ன கதை பொய்த்ததா என்றால், இல்லை. 2021-இல், கொரோனா நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலிருந்த நிணவணுக்களை ஒரு குழுவினர் ஆராய்ந்தனர். நலமுள்ள ஓர் அணு, போர் தொடங்கியதும் உயிர்ச்சத்து டி-யைத் தனக்குள்ளேயே செயல்வடிவமாக்கி, உரிய வேளையில் போரை நிறுத்தி, அழற்சி தணிக்கும் இன்டர்லூகின்-10-ஐச் சுரக்கத் தொடங்கும். நோய் முற்றியோரின் அணுக்களில் போர்க்குணமே ஓங்கியிருந்தது. நிறுத்தும் ஆணைக்குரிய மரபணுக்கள் மங்கியிருந்தன. பழுது அங்கே, அணுவுக்குள். நாம் அளப்பதும் ஏற்றுவதும் குருதியில் சுற்றும் சேமிப்பை. நுரையீரல் அணுவொன்று அதிலிருந்து எவ்வளவைச் செயல்வடிவமாக்கிக் கொண்டது என்று நோயாளியின் படுக்கையருகே அளந்து சொல்லும் வழக்கமான சோதனை எதுவும் இன்று மருத்துவமனைகளில் இல்லை.